சத்தம் கேட்டா வாங்க

அந்த மழைக்காலத்தில் ஊரில் பாதி வீடுகளில் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. தரைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த மோட்டார்கள் தண்ணீரில் முங்கிக் கிடந்தன. அது தெரியாமல் சுவிட்சைப் போட்டவர்கள், கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகு அவற்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வைண்டிங்காரர் கடைக்கு வந்தார்கள்.

கடை என்றால் ஒரே ஓர் அறை. இருபத்தெட்டு வருஷமாக அதற்குள் உட்கார்ந்துதான் அவர் செம்புக் கம்பி சுற்றுகிறார். கருகின கம்பியை வெட்டி எடுக்க வேண்டும். பள்ளங்களைச் சுரண்டித் துடைக்க வேண்டும். காகிதம் செருகி, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றி, பெரிய பல்பின் சூட்டில் காய வைக்க வேண்டும். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் அவரிடமிருந்து பதில் வராது. உதடு அசைவதைப் பார்த்ததும் வந்தவர்கள் வாசலிலேயே குடையை மடக்கிக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

அன்றைக்குப் பகல் பதினொன்றரை இருக்கும். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பழைய பஸ் கண்டக்டர் தலையில் துண்டோடு ஓடி வந்து நின்றார்.

"வைண்டிங்கு, எந்திரி. வீட்டுக்கு வா."

அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"யோவ், உன்னத்தான். வீட்டுக்குள்ள எவனோ புகுந்துட்டுப் போயிட்டான்யா."

நூற்றுப் பத்து வரை எண்ணி முடித்து, கம்பியை ஆணியில் சுற்றிக் கட்டிய பிறகுதான் அந்தச் சொல் அவர் காதுக்குள் இறங்கியது. கட்டின கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையணை உறை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு மெத்தைக் கடைக்காரர் துணியை வெட்டிக் கட்டாக அனுப்பிவிடுவார். அவள் மூன்று பக்கம் ஓட்டி, வாய்ப்பக்கத்தில் மடிப்புக் காது வைத்து, உள்ளே வெளியே திருப்பி அடுக்குவாள். மிதிக்கிற மிஷினுக்குச் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டிக் கொடுத்ததே வைண்டிங்காரர்தான். இப்போது மிஷினின் ஊசி ஒரு உறையின் நடுவில் குத்தியபடி நின்றது. கண்டக்டர், தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்ல இறங்கி வந்தபோதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. மிஷின் ஓடுகிற சத்தத்தில் திறந்தது தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் உள்ளே நின்று மிதியடியில் கால் துடைத்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். எழுந்திருக்கப் போனவளிடம், "அக்கா, சத்தம் போடாதீங்க. உக்காருங்க" என்றான். உட்கார்ந்தாள். கையை நீட்டினான். கழுத்துச் சங்கிலியை அவளே கழற்றினாள். கொக்கியில் முடி சிக்கிக்கொண்டது. "மெதுவா எடுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தானாம். மேஜைமேல் கிடந்த போனையும் எடுத்துக்கொண்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

"கத்தியைக் காட்டினானா?" என்று கேட்டார் விசாரிக்க வந்த போலீஸ்காரர்.

"இல்ல."

"அடிச்சானா? கையைப் பிடிச்சானா?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏம்மா சத்தம் போடல?"

அவள் வாசலைப் பார்த்தாள். போலீஸ்காரர் நோட்டில் எதையோ எழுதி மூடிக்கொண்டு போனார்.

அதே கேள்வியை எதிர்வீட்டு டீச்சர் கேட்டாள். மெத்தைக் கடைக்காரர் கேட்டார். அவள் கூடப்பிறந்த அக்கா போனிலேயே, "நீயே கழட்டிக் குடுத்தியாமே? டீ போட்டுக் குடுக்கலையா?" என்று கேட்டுச் சிரித்தாள். மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த வைண்டிங்காரரும் கேட்டுவிட்டார். ஒன்றும் குத்திக்காட்ட நினைக்கவில்லை. பருப்பைப் பிசைந்துகொண்டே, மனதில் ஓடியது வாயில் வந்துவிட்டது.

"ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தா மேல கண்டக்டருக்குக் கேட்டிருக்குமே."

அவள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "வரலைங்க."

"என்ன வரல?"

"சத்தம் வரல. வாயைத் தொறந்தேன். உள்ள என்னமோ அடைச்சாப்ல இருந்துச்சு. வரல."

அவர் சோற்றை வாயில் வைக்காமல் தட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

அதற்குப் பிறகு அவளால் தைக்க முடியவில்லை. மிஷின் ஓடினால் வேறு எதுவும் காதில் விழாது என்பதுதான் காரணம். ஒரு சாண் ஓட்டுவாள். நிறுத்திக் காது கொடுப்பாள். எழுந்து போய் மூன்று தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். மறுபடி ஒரு சாண். ஒரு நாளைக்கு அறுபது உறை தைத்தவள் ஐந்து தைத்தாள். குளிப்பதற்கு மகள் வேலையிலிருந்து வர வேண்டும். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அவள் வந்து குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

"அம்மா, இருக்கேம்மா. குளி."

"பேசிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு."

மகள் இருமல் மருந்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கலாமா என்று வைண்டிங்காரர் யோசித்தார். பதினேழு மோட்டார் வரிசையில் கிடந்தது. ஒவ்வொரு மோட்டாருக்குப் பின்னாலும் ஒரு வீட்டில் குடம் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கூட்டிக்கொண்டு போய்க் கடையில் உட்கார வைக்கலாம் என்றால், ஐந்து நிமிஷம் வார்னிஷ் நெடி பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அவளும் ஒத்துக்கொள்ளவில்லை. "எத்தன நாளைக்கு என்னக் காவல் காப்பீங்க? நான் என்ன பச்சப்புள்ளையா?"

மகள்தான் ஒரு நாள் சொன்னாள். "ஒரு சைரன் வெச்சுடுவோம்பா. அம்மாவுக்குச் சத்தம் வரலைன்னா என்ன, அது போடட்டும்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்துப்போனது. கம்பியும் சுவிட்சும் அவருக்குத் தெரிந்த விஷயம். நாலைந்து நாளாக எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் கிடந்ததில் ஒரு கைப்பிடி கிடைத்ததுபோல் இருந்தது. அன்றைக்கே எலக்ட்ரிக் சாமான் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "எதுக்குண்ணே? பேக்டரிக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு. தெருவுக்கே கேக்கணும்."

"கேள்விப்பட்டேன். அண்ணி எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

அவள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் மோட்டார் சைரன். இரும்பு உடம்பு, உள்ளே விசிறி, ஒரு தேங்காய் அளவு இருந்தது. இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பிளாஸ்டிக். முன்னால் சின்னக் கூம்பு, பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி.

அவர் கை தானாக மோட்டார் சைரனுக்குப் போனது. மூடியைத் திருப்பி, உள்ளே சுற்றியிருந்த கம்பியை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல வைண்டிங். இது போனாலும் நானே கட்டிக்குவேன்."

"போட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

பேட்டரியில் தொட்டார். உறுமலில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, உச்சிக்குப் போய் ஊளையிட்டது. கடைக்கு வெளியே நின்ற சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏறி வர்றதுக்கு மூணு செகண்டு ஆகுது பாத்தீங்களா? கரண்டும் நிறையக் குடிக்கும். மழையில துரு வேற. இப்ப இதக் காதைப் பொத்திக்கிட்டுத் தொடுங்க."

"இந்தத் துண்டூண்டா?"

"தொடுங்கண்ணே."

தொட்டார். ஏறுவது இறங்குவது என்றெல்லாம் எதுவும் இல்லை. தொட்ட கணமே காதுக்குள் ஊசியைச் செருகியதுபோல் இருந்தது. கையை உதறிவிட்டார். கடைக்காரம்மா வாயசைத்துச் சிரிப்பது தெரிந்தது, கேட்கவில்லை.

"நூத்தி இருவது டெசிபல். ஆறு விதமா மாத்தி மாத்திக் கத்தும், அதனால காது பழகாது. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துறதுக்குன்னு வேற மாதிரி ஒண்ணு வரும், அத வாங்கிடாதீங்க. வண்டி வருதுன்னு ஒதுங்கிடுவாங்க."

அவர் மோட்டார் சைரனை இன்னொரு தடவை பார்த்தார். மூன்று செகண்டு அதிகம்தான். சின்னதையே எடுத்துக்கொண்டார். ஒரு பேட்டரி, அதற்குச் சார்ஜர், ஒரு ரிலே, கதவுக்கு ஒரு காந்த சுவிட்ச், ஒரு சாவி சுவிட்ச், கைப்பட்டாலே அமுங்குகிற ஒரு பட்டன்.

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. மகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் முன்பக்கச் சன்னல் நிழற்கூரைக்கு அடியில், கை எட்டாத உயரத்தில் சைரனைத் திருகினார். கூம்புக்குள் தண்ணீர் தங்காமல் இருக்க வாயைச் சற்றுக் கீழே சாய்த்து, தெருப்பக்கம் திருப்பி வைத்தார். பேட்டரி பரண்மேல் போனது. கரண்டு போனாலும் கத்த வேண்டும். அங்கிருந்து சைரன் வரை மெல்லிசுக் கம்பி இழுத்தால் போகிற வழியிலேயே சக்தி குறைந்து குரல் அமுங்கிவிடும் என்று தடிமனான கம்பியாகவே இழுத்தார். கதவுச் சட்டத்தில் ஒரு துண்டு, கதவில் காந்தம். இரண்டும் பிரிந்தால் கத்தும். கம்பியை எவனாவது வெட்டினாலும் கத்தும். ஒரு தடவை கத்த ஆரம்பித்தால், பட்டனை விட்டாலும் கதவை மூடினாலும் நிற்காது. சமையலறை அலமாரிக்குள் இருக்கும் சாவி சுவிட்சைத் திருப்பினால்தான் நிற்கும். வீட்டு ஆட்கள் வந்து போகும்போதும் அதைத்தான் திருப்பி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். சமீப நாட்களில் அவர் அவ்வளவு பேசியதில்லை. அவளும் நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பட்டன் எங்க வைக்கட்டும்? மேஜமேல, வலது கைக்குப் பக்கத்துலயா?"

"மேல வேண்டாம்."

"வேற எங்க வெச்சாலும் எட்டாதே."

"கை வராதுங்க. அன்னைக்கு என் கை அவன் சொன்னதத்தான் கேட்டுச்சு." அவள் சேலையை ஒதுக்கி, மேஜைக்கு அடியில் தன் முழங்கால் படும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க வைங்க. முட்டி இடிச்சாப் போதும்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, அவள் முழங்காலுக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

மாலையில் சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பதினோரு வீடு. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றாமல் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னார். வீட்டில் சைரன் வைத்திருக்கிறேன். நான் கடையில் இருப்பேன். சத்தம் கேட்டா வாங்க.

"இதச் சொல்லணுமா என்ன? கேட்ட மறுநிமிஷம் நிப்போம்" என்றார் டீச்சர் வீட்டுக்காரர்.

"தடியோட வருவேன்யா. முப்பது வருஷம் பஸ்ஸுல எத்தன பிக்பாக்கெட்டப் பிடிச்சிருக்கேன்" என்றார் கண்டக்டர்.

சோதித்துப் பார்க்கும்போது முதலில் பழைய துணியைக் கூம்புக்குள் திணித்துத்தான் கத்தவிட்டார். அப்புறம் துணியை எடுத்துவிட்டு, "இடி" என்றார். அவள் முழங்காலால் இடித்தாள். கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமும் கிளம்பின. எங்கோ ஒரு குழந்தை அழுதது. எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்று காதைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டினார்கள். அவளும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு, பல் தெரியச் சிரித்தாள். என்ன சொல்கிறாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. சாவியைத் திருப்பிவிட்டு வந்து கேட்டார்.

"எவ்வளவு பெரிய வாயின்னு சொன்னேன்" என்றாள்.

அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் தைத்தாள். முப்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. மெத்தைக் கடைக்காரர் புதுக் கட்டு அனுப்பினார். புதன்கிழமை மகள் வரும் முன்பே குளித்து முடித்திருந்தாள். வைண்டிங்காரர் கடையில் எண்ணிக்கை தவறாமல் சுற்றினார்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்கால். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தவருக்கு, இரண்டு தெரு தாண்டி, மெல்லிசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் அது கேட்டது. டப்பாவைக் கீழே வைத்தாரா போட்டாரா தெரியாது. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தாறு வயசு. முதல் தெருமுனையில் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினார். சந்தை லாரி ஒன்று குறுக்கே நின்று சரக்கு இறக்கியது. சுவருக்கும் லாரிக்கும் நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு போனார். தெருவில் திரும்பியதும் சத்தம் முகத்தில் அறைந்தது.

தெருவில் ஒருவரும் இல்லை. பதினோரு வாசலும் மூடியிருந்தன.

கதவை இரண்டு கையாலும் அடித்தார். "நாந்தான்! நாந்தான்!" என்று கத்தியது அவருக்கே கேட்கவில்லை. சன்னலில் அவள் முகம் தெரிந்தது. மூன்று தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாக விலகின. உள்ளே நாற்காலி அதன் இடத்தில் இருந்தது. உறைகள் அடுக்கு கலையாமல் இருந்தன. மூலை, குளியலறை, கட்டிலுக்கு அடியில் என்று ஓடிப் பார்த்தார். யாருமில்லை. சமையலறைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்க? எவன்? எந்தப் பக்கம் போனான்?"

"யாரும் வரலைங்க."

"பின்ன? கால் தெரியாம பட்டுடுச்சா?"

அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நானாத்தான் இடிச்சேன். வர்றாங்களான்னு பாக்கணும்போல இருந்துச்சு. சன்னல்கிட்டயே நின்னேன். எதிர்வீட்டுல திரையை வெலக்கிப் பாத்தாங்க. அப்புறம் மூடிட்டாங்க. மேல வீட்டுல இருந்து ஒரு காலும் படியில இறங்கல." அவர் சேற்றுக் காலைப் பார்த்தாள். "நீங்க வந்தீங்க. ஏழு நிமிஷம்."

"ஓடித்தான் வந்தேம்மா. நடுவுல லாரி ஒண்ணு..."

"ஓடித்தான் வந்திருக்கீங்க. காலப் பாத்தாலே தெரியுதே. உங்களக் குத்தம் சொல்லல." ஒரு உறையை எடுத்து மடித்து வைத்தாள். "அன்னைக்கு மிஷின நிறுத்திட்டு அவனப் பாத்தப்ப ரேடியோல ஒரு பாட்டு ஆரம்பிச்சுச்சு. அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள போயிட்டான். நாலு நிமிஷம் கூட இருக்காதுங்க."

அவர் கதவில் சாய்ந்து நின்றார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் ஒட்டியிருந்த வார்னிஷ் கதவில் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. இன்னொரு சைரன் வைக்கலாம், கடைக்கே ஒரு கம்பி இழுக்கலாம், கதவுக்கு இரும்புத் தகடு அடிக்கலாம் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. எதுவும் நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்த அந்த மூன்று நிமிஷத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் கண்டக்டர் படியிறங்கி வந்தார். வைண்டிங்காரர் கதவில் பதிந்த வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுச்சுய்யா. கேக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். தடியக்கூட எடுத்துட்டேன். கதவுகிட்ட வந்ததும் காலு வரல. உள்ள எத்தன பேரோ, கையில என்ன வெச்சிருக்கானோன்னு... என் பொண்டாட்டி வேற போகாதீங்கன்னு சட்டையப் பிடிச்சுக்கிட்டா. தாழ் போட்டுட்டு உள்ளயே நின்னேன்." துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். "பஸ்ஸுல நாப்பது பேர் கூட இருப்பாங்கய்யா. அதான் பிடிச்சேன்."

"சரிண்ணே" என்றார் வைண்டிங்காரர்.

"தங்கச்சிகிட்டச் சொல்லிடு."

"சொல்றேன்."

அவர் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "பாவம்" என்றாள். அன்றைக்குக் குளிக்க மகள் வந்து நாற்காலி போட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கிளம்பத் தயங்கினார். டீயை இரண்டு தரம் சூடுபண்ணிக் குடித்தார். சட்டைப் பட்டனைப் போட்டுக் கழற்றிப் போட்டார். மகள் முன்னமே வேலைக்குப் போய்விட்டாள். வார்னிஷ் ஊற்றியும் ஊற்றாமலும் விட்ட மோட்டாருக்குச் சொந்தக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

"கிளம்புங்க" என்றாள் அவள்.

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கேனே."

"நாளைக்கு?"

அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டார். வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கதவு மூடியது. மேல் தாழ்ப்பாள், நடுத் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தன. அவர் படியில் இறங்காமல் நின்றார். உள்ளே மிஷின் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கதவுக்கு மிக அருகில், தன் முகத்துக்கு நேராக, அவள் மூச்சு விடுவது கேட்டது.

"போயிட்டீங்களா?"

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன்."

"போங்க. நேரமாச்சு. ஆளு காத்திருப்பாங்க."

"சரி. போறேன்."

அவர் நகரவில்லை. தூறல் பிடரியில் விழுந்தது. தெருவில் பால்காரர் சைக்கிள் மணியடித்துக்கொண்டு கடந்து போனார். டீச்சர் வீட்டில் யாரோ ஈரத் துணியை உதறினார்கள்.

"போயிட்டீங்களா?" என்று மறுபடி கேட்டாள். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது.

இருக்கிறேன் என்றால் போகச் சொல்வாள். பேசாமல் இருந்தால் தனியாகிவிட்டோம் என்று நினைப்பாள். அவர் வாயைத் திறந்தார். உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், அப்படியே நின்றார்.